ஒரு கதை, பல நியாயம்

நம்ம குழுக்களுக்கு எழுத்து முதலில் கணக்கு நோட்டுக்காகத்தான் வந்தது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பின்னால் தமிழ்நாடு முழுக்கப் பரவின. சேமிப்பு, கடன், வட்டி, தீர்மானம் என்று வாசிக்கப் பழகினோம். 'இதுபோக கதைப் புத்தகம் வேறயா?' என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய செய்தி சொல்கிறேன்.

கூடி உட்கார்ந்து கதை கேட்பது அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்குப் புதுசு இல்லை. எழுத்துத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் அழுதுகொண்டே கேட்ட காலம் உண்டு. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த அந்தத் தாய்க்கு நம்ம மாவட்டத்திலேயே, வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது. சோறு போடாத அண்ணி மூளியலங்காரியை எல்லோரும் ஒரே வாயாகத் திட்டினார்கள்.

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதைக்கு அப்படி ஒரே வாய் அமையவில்லை. மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் ஒரு கல்லூரிப் பெண்ணைக் கெடுத்துவிடுகிறான். அழுதுகொண்டு வந்த மகள் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிட்ட என்று தேற்றி, விஷயம் வெளியே தெரியாமல் காக்கிறாள். தாய் செய்தது தப்பு என்று கொதித்தவர்கள் பலர். இதுதான் தாய் என்றவர்களும் உண்டு. அந்தத் தாய் ஊர் கேட்கக் கத்தியிருந்தால்? அதைத்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக எழுதினார். அதில் கங்காவை அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். படித்து உத்தியோகம் பார்த்தும் அவளைப் பழி விடவில்லை. இந்த நாவலுக்கு 1972-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1977-ல் சினிமாவாகவும் வந்தது.

இந்த இரண்டையும் நூலகத்தில் எடுத்து, குழுக் கூட்டம் முடிந்தபிறகு மாறி மாறி வாசித்தோம். "அந்த ஆத்தா விவரமானவ. ஊர் வாய மூட முடியுமா?" என்றார் ஒரு மதினி. "அப்ப அந்தப் பயலுக்கு என்ன தண்டன? அவன் பாட்டுக்குக் கார்ல போயிட்டானே!" என்றாள் மில் வேலைக்குப் போகிற பிள்ளை. கரிமூட்டம் போடுகிற பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வெளிய சொல்லாதனு சொல்லித்தான் நாமளும் பிள்ளைகள வளத்தோம். அது காப்பாத்துச்சா, அமுக்குச்சானு இப்பத் தெரியல" என்றார்.

யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. ஆனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ரோட்டிலிருந்து வீடு வரை யார் துணை என்ற பேச்சு அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் கூட்டத்தில் வந்தது. சொந்தக் கதையாக இருந்தால் வாய் திறக்க மாட்டோம். கங்கா கதை என்பதால் பேசினோம்.

1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அங்கே இருக்கிற புத்தகத்தில் நமக்கும் பங்கு உண்டு. மாதம் ஒரு கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு கதை வாசியுங்கள். எழுத்துத் தெரியாதவர் கேட்கட்டும். கருத்துச் சொல்லும்போது அவரையே முதலில் பேச விடுங்கள்.