கையெழுத்து யாருடையது? - பெங்களூரிலிருந்து ஒரு தலைமைக் கணக்கு

சங்கம், டிரஸ்ட், கிளப் என்று வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து வருவது எங்களுக்குப் புதிதல்ல. "நான்தான் செயலாளர், அந்த ஆள் கையெழுத்துப் போட்ட செக்கைப் பாஸ் பண்ணாதீங்க" என்று காலையில் ஒருவர் வருவார். மதியம் அந்த ஆளே வருவார், அதே வசனத்தோடு :-) நாங்கள் கேட்பது மூன்றே கேள்விதான். பைலா எங்கே? தீர்மானம் எங்கே? அந்தக் கூட்டத்தைக் கூட்டியவருக்கு அதைக் கூட்ட அதிகாரம் உண்டா?

2022 ஜூலையில் அ.தி.மு.க.விலும் இந்தக் காட்சி அரங்கேறியது. பொருளாளர் பதவியிலிருந்து ஓ.பன்னீர்செல்வத்தை நீக்கி, திண்டுக்கல் சீனிவாசனை நியமித்தார்கள். "இன்னமும் நான்தான் பொருளாளர்" என்று ஓ.பி.எஸ். வங்கிக்குக் கடிதம் எழுதினார். அரசியலை விடுங்கள். பி.காம். படித்தவன் பார்வையில், ஒரு மாநிலக் கட்சி தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று பார்க்கலாம். இந்தக் கதை நம்ம பெங்களூருக்கு நாலு தடவை வந்துபோகிறது என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

எம்.ஜி.ஆர். எழுதிய விதி

1972 அக்டோபர் 17-ல் கட்சி பிறந்தது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மற்ற விதிகளைப் பொதுக்குழு திருத்தலாம், இதை மட்டும் தொடக்கூடாது என்று இன்னொரு விதியும் உண்டு. தி.மு.க. பொதுக்குழுவால் வெளியேற்றப்பட்டவர் எம்.ஜி.ஆர். பொதுக்குழுவை விடத் தொண்டனை நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 1987 டிசம்பர் 24-ல் அவர் மறைந்தபோது தொண்டனிடம் யாரும் சீட்டு கொடுத்துக் கேட்கவில்லை. பெரும்பாலான எம்.எல்.ஏ.க்கள் ஜானகி அம்மாள் பக்கம் போனார்கள். 1988 ஜனவரி 7-ல் அவர் முதல்வர், 30-ம் தேதி ஆட்சி கலைப்பு. இரட்டை இலை முடங்கியது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. ஜானகி அம்மாள் ஒதுங்கிக்கொள்ள, கட்சி ஒன்றானது, சின்னமும் திரும்பியது. உட்கட்சித் தேர்தல் செய்திருக்க வேண்டிய வேலையை ஊர் வாக்காளர்கள் செய்து முடித்தார்கள்.

அதன்பின் 2016 டிசம்பர் 5 வரை ஜெயலலிதாதான். பொதுச்செயலாளர் தேர்தல் அவ்வப்போது வரும், வேறு யாரும் மனுத்தாக்கல் செய்ய மாட்டார்கள், "போட்டியின்றித் தேர்வு" என்று முடியும்.

பரப்பன அக்ரஹாரா

2014 செப்டம்பர் 27-ல் இங்கே பரப்பன அக்ரஹாராவில் தீர்ப்பு வந்தது. இரண்டு நாளில் ஓ.பி.எஸ். கண்ணீரோடு முதல்வராகப் பதவியேற்றார். ஆனால் கட்சித் தலைமை மாறவில்லை.

2017-ல் அது நடந்தது. முந்தைய டிசம்பர் 29-ல் பொதுக்குழு சசிகலாவைப் பொதுச்செயலாளர் ஆக்கியிருந்தது. பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய, மறுநாள் அவர் அதே பரப்பன அக்ரஹாரா சிறைக்கு வந்தார். 16-ம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வர். 18-ம் தேதி சட்டசபையில் 122-க்கு 11 என்று வென்றார்.

செப்டம்பர் 12-ல் பொதுக்குழு கூடி, ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று அறிவித்து, அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. பதிலுக்கு ஒருங்கிணைப்பாளர் ஓ.பி.எஸ்., இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி. எங்கள் பாஷையில் ஜாயின்ட் அக்கவுன்ட், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் பாஸாகும். மனஸ்தாபம் வந்தால் இப்படிப்பட்ட கணக்கு என்ன ஆகும் என்று எந்த வங்கிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். 2022 ஜூலை உள்ளாட்சி இடைத்தேர்தலில் அதுதான் ஆனது. இரண்டு கையெழுத்து சேராததால், கட்சிக்காரர்களுக்கே இரட்டை இலை கிடைக்கவில்லை.

பொதுக்குழுவும் கோர்ட்டும்

2022 ஜூலை 11, வானகரம். பொதுக்குழு எடப்பாடியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கி, ஓ.பி.எஸ்.ஸைக் கட்சியை விட்டே நீக்கியது. அந்தக் கூட்டத்தைக் கூட்ட யாருக்கு அதிகாரம்? பார்த்தீர்களா, நம் மூன்றாவது கேள்வி! ஆகஸ்டில் தனி நீதிபதி ஓ.பி.எஸ். பக்கம், செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு எடப்பாடி பக்கம். 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது.

இப்படிக் கட்சி உடையும்போது சின்னம் யாருக்கு என்று பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. அதற்குக் காரணமான சண்டை சூடுபிடித்ததும் பெங்களூரில்தான். 1969 ஜூலையில் இங்கே லால்பாக் கண்ணாடி மாளிகையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. ஜனாதிபதி வேட்பாளர் விஷயத்தில் இந்திராவும் மூத்த தலைவர்களும் முட்டிக்கொண்டு, நவம்பரில் கட்சி உடைந்தது. சின்னத்துக்கான வழக்கு சாதிக் அலி வழக்கு என்று பெயர் பெற்றது. எம்.பி., எம்.எல்.ஏ.க்களிலும் கட்சி அமைப்பிலும் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்களுக்கே சின்னம் என்ற முறையை 1971-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாதாரண உறுப்பினரின் தலையை அதில் எண்ணுவதில்லை.

புலிகேசி நகர்

2023 மார்ச் 28-ல் எடப்பாடி பொதுச்செயலாளராகப் போட்டியின்றித் தேர்வானார். தேர்தல் ஆணையத்தின் பதிவேட்டில் அது ஏற வேண்டுமே? அவசரம் கர்நாடகத் தேர்தலால் வந்தது. எடப்பாடி தரப்பு புலிகேசி நகரில் வேட்பாளரை அறிவித்தது. ஓ.பி.எஸ். தரப்பும் புலிகேசி நகர், காந்தி நகர், கோலார் தங்கவயல் என்று மூன்று இடத்தில் ஆள் நிறுத்தியது. தங்கவயல் 1999-ல் அ.தி.மு.க.வே ஜெயித்த தொகுதி, ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 20-ல் ஆணையம் எடப்பாடியின் பதவியை ஏற்றது. சில நாளில் பா.ஜ.க. கேட்டுக்கொண்டதால் அவர் வேட்பாளரும் வாபஸ். தேர்தலில் நிற்கவில்லை, கையெழுத்து மட்டும் உறுதியாகிவிட்டது.

வாசலில் நிற்பவர்

2022 பொதுக்குழுவில் இன்னொரு திருத்தமும் வந்தது. பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகத்தில் 5 ஆண்டு பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். அடிப்படை உறுப்பினருக்கு ஓட்டு உண்டு, எம்.ஜி.ஆர். விதி பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஓட்டுச்சீட்டில் யார் பெயர் வரும் என்பதை மாவட்டச் செயலாளர்கள் முடிவு செய்வார்கள். ஒரே பெயர் வந்தால் ஓட்டே வேண்டாம்.

இது நம்மூர் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அதே 2022 செப்டம்பரில் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, 81,326-க்கு 60,399 என்று ரிஷி சுனக்கைத் தோற்கடித்து லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சி ஏழு வாரம்தான் தாங்கியது. அடுத்த முறை 100 எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும் என்று வாசலை உயர்த்தினார்கள். சுனக் ஒருவர்தான் தாண்டினார், உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட வேலையே வரவில்லை. தொண்டன் முடிவு தப்பாகிவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் பயத்தை வெளிப்படையாகச் சொல்லி விதியை மாற்றுவது ஒன்று, விதியை அப்படியே வைத்துக்கொண்டு வாசலைச் சுருக்குவது வேறு.

இதைப் படிக்கிற பலர் துபாயிலும் நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சங்க உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா கட்டுகிறோம், பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிறோம். பைலாவை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அடுத்த முறை பார்க்கும்போது யாருக்கு ஓட்டு என்ற பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். யார் நிற்கலாம், யார் முன்மொழிய வேண்டும், கூட்டத்தை யார் கூட்டலாம் என்ற பக்கத்தையும் படியுங்கள். "போட்டியின்றித் தேர்வு" என்று வருஷா வருஷம் வந்தால் ஏன் என்று எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்.

டிஸ்கி: இதில் எந்த அணிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பைலாவுக்கு மட்டும்தான்.