தரங்கம்பாடி

காவிரியின் கிளைநதிகளில் ஒன்றாகிய உப்பனாறு கடலோடு சங்கமிக்கும் இடத்தருகே, காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் அமைந்த சிற்றூர். முன்னாளில் டேனிஷ்காரரின் வாணிபத் தலைமையிடமாயும், பின்னாளில் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) வந்த இருப்புப்பாதையின் கடைசி நிலையமாயும் விளங்கியது. தெற்கே நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால் எல்லை தொடங்குகிறது.

இவ்வூரின் பழமைக்குச் சாட்சியாக நிற்பது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்ததாகிய மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர் இங்கே டேன்ஸ்பர்க் கோட்டையை எழுப்பினர். அண்டையிலுள்ள காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது 1739-இல்தான்.

1706 முதல் 1720 வரையுள்ள காலத்தைப் பற்றி மிகுதியான செய்திகள் கிடைப்பதற்குக் காரணம், இங்கிருந்து மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் உடனுக்குடன் அச்சேறியமையே. 1706 ஜூலை 9-இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி உபாத்தியாயரைத் தம் இல்லத்துக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அட்சரங்களை எழுதித் தமிழ் பயின்றார். தமிழ் நூல்களை அச்சிட ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துக்கள் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கியமையால், பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தனர் என்பர். காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பொறையாற்றருகே ஆலையொன்றும் நிறுவப்பட்டது. அவ்விடம் கடுதாசிப்பட்டறை என்றே இன்றும் வழங்குகிறது. புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பட்டது.

1707-இல் கடற்கரையோரம் கட்டிய முதல் ஜெருசலேம் ஆலயம் 1715-ஆம் ஆண்டின் கடற்பெருக்கில் அழிந்தது என்று சிலர் கூறுவர். சபை பெருகி இடம் போதாமற் போனதே புதிய ஆலயம் எழுந்ததற்குக் காரணம் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும், ராஜ வீதியில், முகப்பில் டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடியிட்ட இலச்சினையோடு நிற்கும் புதிய ஜெருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதைக் கட்டுவித்த சீகன்பால்கு ஐந்து மாதம் நிறைவதற்குள், 1719 பிப்ரவரி 23-இல், தமது முப்பத்தாறாம் வயதில் காலமாகி, அதன் பலிபீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பணியை மேற்கொண்ட கிரண்ட்லரும் மறு ஆண்டு மார்ச்சில் மறைய, பலிபீடத்தின் மறுபுறம் அவருக்கு இடமாயிற்று. பிற்கால மிஷனரிகள் பலர் ஆலய வளாகத்திலே உறங்குகின்றனர். இதனின் வேறாக டேனிஷ்காரரின் பழைய கல்லறைத் தோட்டமும் ஊரில் உண்டு. வடதேசத்துக் குளிரில் பிறந்தவர்கள் இவ்வளவு இளமையில் இம்மணலில் அடங்கியதை எண்ணும்போது, அவர்கள் இங்கே கற்ற தமிழும் விட்டுச்சென்ற நூல்களும் நம் நன்றிக்குரியனவாகின்றன.

ஆங்கிலேயர் 1801-இலும், மீண்டும் 1808 முதல் 1815 வரையிலும் ஊரைக் கைக்கொண்டிருந்தனர். 1845-இல் வங்காளத்துச் சீராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இது அவர்களுக்கு விற்கப்பட்டது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கவே, எஞ்சியிருந்த கடல் வாணிபமும் அங்கே சென்றது.

இவ்வூருக்கு ரயில் வந்ததோ, பேரளம்–காரைக்கால் பாதை திறந்து (1898) ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து, 1926-இல். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு ஆகிய ஊர்களின் வழியே சுமார் 30 கிலோமீட்டர் நீண்ட அந்த மீட்டர் பாதை, 1986-இல் நிறுத்தப்பட்டது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்புகளைப் பெரிதும் பாழ்படுத்தியது. அதன்பின் பழைய கட்டடங்கள் சில புதுப்பிக்கப்பட்டன. காரைக்காலுக்குப் பேரளம் வழியாக அகலப் பாதை மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையை மறுபடி அமைத்துக் காரைக்கால்வரை நீட்டவேண்டும் என்னும் இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.