சிறைக்கோட்டமா, அறக்கோட்டமா?

குந்தி தான் பெற்ற குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டாள். பாரதம் படிக்கும் பக்தர்கள் இந்தக் கட்டத்தில் கண்ணீர் உகுப்பர். பின்னாளில் அந்தப் பிள்ளை கர்ணனாகி வாரி வழங்கியதைக் கேட்டு உள்ளம் உருகுவர். ஆனால் பிள்ளையைக் கொடுத்த கதிரவனை யாரும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டதில்லை. அவன் மறுநாளும் வழக்கம்போல் எழுந்தான்; வழிபாடும் பெற்றான். பழி, அச்சம், பிரிவு, வாழ்நாளெல்லாம் வாய் திறக்க முடியாத வேதனை ஆகிய அத்தனையும் அந்தக் கன்னிப் பெண்ணுக்கு! ஆண் வானில் உலவலாம், பெண் பேழை தேடி அலைய வேண்டும் என்பதே இதிகாசம் வகுத்த நீதி.

நம் தமிழ்க் காப்பியமாம் மணிமேகலையிலும் இப்படி ஒருத்தி உண்டு. வாரணாசியிலிருந்து குமரியில் நீராட வந்த சாலி என்பவள், வழியில் ஒரு பிள்ளையை ஈன்று, ஆள் அறியாத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். ஏழு நாள் அக்குழந்தைக்குப் பாலூட்டியது ஒரு பசு. ஆபுத்திரன் என்று பெயர் பெற்ற அந்தப் பிள்ளையின் கையில்தான் பின்னர் அமுதசுரபி வந்து சேர்ந்தது. பிள்ளைக்குப் பசு கிடைத்தது; பெற்றவளுக்கு? சாலிக்கு இடம் கொடுக்க அன்று ஒரு கூரை இருந்ததாகச் சாத்தனார் சொல்லவில்லை. ஆயினும் அதே காப்பியத்தில்தான் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள் என்ற செய்தியும் வருகிறது. கைவிடப்பட்ட இளந்தாய்மாருக்கென உலகம் எழுப்பிய இல்லங்களின் வரலாற்றைப் புரட்டும்போது, இந்த இரண்டு சொற்களும் நம் நினைவைவிட்டு அகல மறுக்கின்றன. ஏனெனில், அறக்கோட்டம் என்று பெயர்ப்பலகை தொங்கிய வீடுகள் பலவற்றில் உள்ளே இருந்தது சிறை.

நம் புதுச்சேரிக்கு இந்த வரலாற்றில் ஒரு தனி இடம் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறோம்! பிரெஞ்சுப் புரட்சியின் மன்றம் 1793 ஜூன் 28-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்ப்பது நாட்டின் கடமை என்றது அந்த ஆணை. அதனினும் வியப்பு, மணமாகாமல் கருவுற்ற பெண் மறைவாகச் சென்று பிள்ளை பெறுவதற்கென மாவட்டந்தோறும் ஒரு வீடு அமைக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. அரசனையும் குருமாரையும் அசைத்த புரட்சி, அடுப்பங்கரை மூலையில் அழுதுகொண்டிருந்த பெண்ணையும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. ஆணை பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லை. ஆகஸ்டு 23-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிரான்சிலேயே போரும் வறுமையும் அந்த வீடுகளைப் பெரும்பாலும் காகிதத்தில் நிறுத்திவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1816-இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ஆனால் திரும்பி வந்தது புரட்சியின் பிரான்சு அன்று. இடையில் நெப்போலியன் வந்து, 1804-இல் குடியியல் சட்டத்தை வகுத்துவிட்டான். அதன் 340-ஆம் பிரிவு, மணத்துக்குப் புறம்பே பிறந்த குழந்தையின் தந்தை யாரென ஆராய்வதையே தடுத்தது. கடத்தல் ஒன்றுக்கு மட்டுமே விலக்கு! கதிரவனைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற இதிகாச நீதி, பாரிசில் எண் போட்ட பிரிவாக அச்சேறிவிட்டது. பிறகு 1811-இல் இன்னோர் ஆணை வந்தது. அதன்படி அனாதை விடுதிகளின் சுவரில் சுழலும் தொட்டில் ஒன்று பதிக்கப்பட்டது. வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். வைத்தவள் முகம் யாருக்கும் தெரியாது. குழந்தை உள்ளே, தாய் இருளில்! தந்தை யாரென ஆராயத் தடை செய்த அந்தப் பூட்டைப் பிரான்சு 1912 நவம்பர் 16-இல் இயற்றிய சட்டத்தால்தான் திறந்தது, அதுவும் பாதியளவே.

இங்கோ நிலைமை இன்னும் விந்தை. 1819 சனவரி 6-ஆம் நாள் ஆணை, பிரெஞ்சுச் சட்டங்களைப் புதுச்சேரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அதே மூச்சில், இந்நாட்டு மக்களுக்கு அவரவர் சாதி வழக்கமும் மாமூலுமே சட்டம் என்றும் உறுதி கூறிற்று. சாதிக்கு அரசாங்கமே காவற்காரனாக நின்ற காட்சி! 1881 செப்டம்பர் 21-இல் வந்த ஆணை, விரும்பியவர் மாமூலைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றது. பொன்னுத்தம்பிப் பிள்ளை போன்றோர் அதனைப் பயன்படுத்திக்கொண்டனர். சாதிக் கொடுமையிலிருந்து தப்பிய பலருக்கு அது விடுதலைப் பத்திரம். அதனை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் கைக்குழந்தையோடு நின்ற இளம்பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால்? மாமூலில் நின்றால் பிறந்த வீட்டுச் சொத்தில் அவளுக்குச் சமபங்கு இல்லை. மாமூலைத் துறந்தாலோ குழந்தையின் தந்தையைக் கேட்க வாயில்லை. இரு வாசல் கொண்ட வீட்டில் இரண்டுக்கும் வெளிப்பூட்டு.

புதுச்சேரிச் சட்டத்தில் இல்லாத அந்த வீடு, பூனாவில் ஒரு சூத்திரனின் உள்ளத்தில் எழுந்தது. தோட்டக்காரக் குலத்தில் தோன்றிய சோதிராவ் புலேயும் அவர் துணைவி சாவித்திரிபாயும் 1863-இல் தம் வீட்டிலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தைத் தொடங்கினர். பார்ப்பனக் குடும்பங்களில் சிறுவயதிலேயே தாலி அறுத்தவர்களுக்கு மறுமணம் கிடையாது; ஆனால் வீட்டிலுள்ள ஆண்களிடமிருந்து பாதுகாப்பும் கிடையாது. கருவுற்றால் கிணறு, அல்லது குழந்தையின் கழுத்து! குழந்தையைக் கொன்ற ஒரு விதவைக்கு அந்தமான் தண்டனை கிடைத்ததே புலேயை உலுக்கிய நிகழ்ச்சி என்பர். அவளைக் கெடுத்தவனுக்கு என்ன தண்டனை என்று யாரும் கேட்கவில்லை. புலே இணையர் ஊரறிய விளம்பரம் ஒட்டினர். இங்கு வந்து மறைவாகப் பிள்ளை பெறலாம், பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் தாயின் விருப்பம் என்பதே அதன் பொருள்.

தாயின் விருப்பம்! தோழர்கள் இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டுகிறோம். அவள் பாவியா, பரிதாபத்துக்குரியவளா என்று அவர்கள் தீர்ப்பு வழங்கவில்லை. அவளை முடிவெடுக்கும் மனிதப் பிறவியாக மதித்தனர். அங்குப் பிறந்த ஒரு பார்ப்பன விதவையின் குழந்தையை 1874-இல் தத்தெடுத்து யசுவந்த் என்று வளர்த்தனர். அவன் மருத்துவனானான். 1897-இல் பூனாவைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, சாவித்திரிபாய் நோயாளிகளைத் தூக்கிச் சென்று சேர்த்தது அந்த மகனின் மருத்துவமனைக்குத்தான். அந்நோய்க்கே அவர் பலியானதும் அப்போதுதான். குலத்தைக் கெடுக்கும் என்று சாத்திரிகள் தூற்றிய பிள்ளை, ஊருக்கு மருந்து கொடுத்தது.

பண்டித ராமாபாயின் கதை வேறு வகை. வடமொழி வேதாந்தமெல்லாம் கரைத்துக் குடித்த அந்தப் பார்ப்பன மாது, 1882-இல் கைக்குழந்தையோடு விதவையானவர். 1889-இல் பம்பாயில் சாரதா சதனம் அமைத்தார். அதில் படித்த கோதுபாய் என்ற இளவிதவையை 1893-இல் மணந்தவர்தான் பின்னாளில் மகளிர் பல்கலைக்கழகம் கண்ட கார்வே. கேட்காவில் ராமாபாய் எழுப்பிய முக்தி இல்லத்தில் தறி ஓடியது, அச்சகம் நடந்தது. கெட்டுப்போனவர் என்று ஊர் தள்ளிய பெண்களுக்குக் கிருபா சதனம் என்றொரு தனிப் பகுதியும் இருந்தது. அவர் மதம் மாறியதும் அங்கு மதமாற்றம் நடந்ததும் அந்நாளில் பெருங்கூச்சலை எழுப்பின. கூச்சலிட்ட சனாதனிகளைக் கேட்கிறோம்: தெருவில் தள்ளியது யார்? தள்ளிய கைக்கு, தூக்கிய கையைக் குறைகூற ஏது உரிமை? ஆயினும் ஒன்று சொல்வோம். பசிக்குச் சோறும் மறுபக்கம் வேதநூலும் வைத்துக் கொடுப்பது முழு விடுதலை ஆகாது.

சென்னையில் 1912-இல் சகோதரி சுப்புலட்சுமி தொடங்கிய விதவையர் விடுதி, பின்னர் ஐஸ் அவுஸ் மாளிகையில் வளர்ந்தது. அங்குப் படித்த இளவிதவையர் பலர் ஆசிரியைகள் ஆயினர். அருமையான பணியே. ஆனால் விடுதியின் வாசல் பார்ப்பன விதவைக்கு மட்டுமே திறந்தது. துன்பத்துக்கும் சாதிச் சான்றிதழ்!

அந்த வாசலில் நிற்கவும் தகுதியற்றவராகக் கருதப்பட்டோர் தேவதாசி குலத்துப் பெண்கள். 1930-இல் பொட்டுக்கட்டும் கொடுமைக்குத் தப்பிவந்த சிறுமியர் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினர். எந்த விடுதியும் அவர்களை ஏற்கவில்லை; பார்ப்பனர் விடுதியும் மறுத்தது, பார்ப்பனரல்லாதார் விடுதியும் மறுத்தது. இதில் நம் பக்கமும் தலைகுனிய வேண்டியதே! டாக்டர் அம்மையார் தம் வீட்டையே விடுதியாக்கினார். அதிலிருந்து எழுந்ததே ஔவை இல்லம். பின்னர் அடையாற்றில் நிலைகொண்டது. அங்குச் சாதி கேட்கப்படவில்லை, தகப்பன் பெயர் கேட்கப்படவில்லை. பள்ளிப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தரப்பட்டன. தம் காலில் நிற்கத் துணிந்த பெண்கள் வெளியே வந்தனர். 1936-இல் தாசிகள் மோசவலை என்ற புதினத்தை எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மேடைதோறும் இதே கருத்தை இடியென முழங்கினார். அக்குலத்தின் வாழ்வை உள்ளிருந்தே கண்டவர் அவர். பொட்டறுத்தால் மட்டும் போதாது, அறுத்தவளுக்குப் பிழைப்பு வேண்டும் என்பது இந்த இருவருக்கும் தெரிந்திருந்தது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

இனி, அறக்கோட்டம் சிறைக்கோட்டமான கதை. அதற்கு அயர்லாந்து சான்று. மணமாகாத தாய்மாருக்கென அங்குக் கன்னிமாடத்தாரும் அரசும் சேர்ந்து நடத்திய தாய்-சேய் இல்லங்களை ஆராய்ந்த ஆணையம் 2021 சனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. 1922 முதல் 1998 வரை 18 நிறுவனங்கள், அவற்றில் இருந்த தாய்மார் ஏறக்குறைய 56,000, குழந்தைகள் 57,000. அக்குழந்தைகளில் இறந்தவை ஏறத்தாழ 9,000! இறவாத குழந்தைகளில் பல தத்துக்குக் கொடுக்கப்பட்டன. வேறு போக்கிடம் இல்லாத தாய், கேட்டதற்குக் கையெழுத்திட்டாள். அங்கும் கூரை இருந்தது, கஞ்சி இருந்தது, செபம் நாள் தவறாமல் இருந்தது. புலே ஒட்டிய விளம்பரத்தில் கண்ட அந்த ஒரு சொல்தான் இல்லை. அயர்லாந்துப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். செத்த குழந்தை எதுவும் கேட்கவில்லை.

நம்மவர் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கள்ளிப்பாலுக்கு இரையாக இருந்த பெண் சிசுக்கள் அதனால் பிழைத்தன. அதனை நன்றியோடு குறிப்பிடுகிறோம். ஆனால் அது 1811-இன் சுழல்தொட்டிலுக்குத் தங்கை முறை. தொட்டிலில் இட்டுவிட்டு இருளில் நடந்து போனவள் எங்கே போனாள், என்ன உண்டாள்?

புதுச்சேரியில் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் வந்திறங்கினர். ரோமன் ரோலன் தெருவிலுள்ள அவர்தம் பழைய மாளிகையில் பல தலைமுறையாக ஏழைப் பெண்கள் பூத்தையல் செய்து கூலி பெற்றனர். மேசை விரிப்பிலும் தலையணை உறையிலும் அவர்கள் இட்ட பூக்கள் கடல் கடந்து போயின. 1844-இல் துபுய் பாதிரியார் நம் நாட்டுப் பெண்களுக்கென்று கல்வி தரும் கன்னியர் சபை ஒன்றை இவ்வூரில் அமைத்தார். ஊசியும் எழுத்தும் ஆகிய இவ்விரண்டுமே புதுச்சேரி தன் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்த கருவிகள். ஊசியை நாம் இகழவில்லை. ஆனால் எழுத்தைக் காட்டிலும் ஊசியே விரைவாகக் கொடுக்கப்பட்டது என்பதையும், ஊசிக்கூலி என்றும் ஆண்கூலிக்கு ஈடானதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றும் இல்லம் என்றவுடன் நன்கொடையாளர் முதலில் வாங்கித் தருவது தையல் எந்திரம்!

இதற்கு மாற்றாகப் பஞ்சாலை இருந்தது. சவானா, ரோடியர், கப்ளே ஆலைகளில் பெண்களும் வேலை செய்தனர். 1936 ஜூலை 30-இல் பன்னிரண்டு தொழிலாளர் சுடப்பட்டு மடிந்த பின்னர், 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தச் சட்டம் பெண்ணுக்கும் மாலையில் குழந்தையைத் தூக்கச் சில மணி நேரம் மிச்சம் வைத்தது. கைம்மைக் கொடுமையைச் சாடிப் பாடிய பாரதிதாசனின் ஊரில், ஒரு பெண் யாரையும் அண்டாமல் வாழ வழி காட்டியது கோயிலன்று, ஆலைச் சங்கு. அச்சங்கு இன்று ஊதுவதில்லை. ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. ஆகவே, இல்லத்தை விட்டுப் படியிறங்கும் இளந்தாய் எங்கே வேலைக்குப் போவாள் என்ற கேள்வி இவ்வூரில் முன்னினும் கூர்மையாகிவிட்டது.

சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு கேட்டபோது நகைத்தவர் பலர். 1989-இல் தமிழகம் அதனைச் சட்டமாக்கியது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் பெண்ணின் கழுத்தில் தாலி உண்டா என்று கேட்கவில்லை. 2017-இல் வந்த திருத்தம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே தன் குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. 2022 முதல் நடுவணரசின் சக்தி சதன் என்ற பெயரில் ஆதரவற்ற பெண்களுக்கான இல்லங்கள் இயங்குகின்றன.

ஆனால் இல்லத்தின் கணக்கு அதிகாரி, எத்தனை பேர் தங்கினர் என்றே எழுதுகிறார். வெளியேறி ஓராண்டு கழித்து எத்தனை பேர் சொந்தச் சம்பாத்தியத்தில், சொந்தக் குழந்தையோடு இருக்கின்றனர் என்ற கணக்கே நமக்கு வேண்டும். முத்தியால்பேட்டையிலோ உப்பளத்திலோ பதினெட்டு வயதுத் தாயொருத்தி ஓர் அறை வாடகைக்குக் கேட்டால், வீட்டுக்காரர் முன்பணத்துக்கு முன் கணவன் எங்கே என்று கேட்கிறார். எனவே முன்பணத்தையும் முதல் ஆறு மாத வாடகையையும் இல்லமே ஏற்று, ஒப்பந்தத்தை அவள் பெயரிலேயே எழுதித் தர வேண்டும். தையலோடு நிற்காமல், செவிலியர் பயிற்சிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் அவளை அனுப்ப வேண்டும். மகனுக்கு வயது ஏறிற்று என்று தாயிடமிருந்து பிரித்து வேறு விடுதிக்கு அனுப்பும் விதியை எடுத்தெறிய வேண்டும். இவற்றைப் புதுச்சேரி அரசின் முன் வைக்கிறோம்.