பத்து வால்யூம், மூன்று சதவீதம்: ஹைட்ரஜன் பெராக்சைடின் தரங்கள் உருவான வரலாறு

பாரிஸ் வேதியியலாளர் லூயி ஜாக் தெனார் 1818-இல் பேரியம் பெராக்சைடை அமிலத்துடன் வினைபுரியச் செய்து பெற்ற நிறமற்ற திரவத்தை 'ஆக்சிஜன் ஏற்றிய நீர்' என்று அழைத்தார். நீரின் மூலக்கூறில் இருப்பதைவிட ஓர் ஆக்சிஜன் அணுவைக் கூடுதலாகக் கொண்ட அந்தச் சேர்மமே ஹைட்ரஜன் பெராக்சைடு. அந்தக் கூடுதல் அணு நிலையாக ஒட்டியிருப்பதில்லை. வெப்பமோ, ஒளியோ, உலோகத்தூளோ பட்டால் திரவம் நீராகவும் ஆக்சிஜன் வாயுவாகவும் பிரிந்துவிடும். ஆகவே ஒரு பங்கு திரவம் தன் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு ஆக்சிஜனை வெளியிடுகிறது என்பதே அதன் வீரியத்தைச் சொல்லும் அளவாயிற்று. தெனார் தம் கரைசலை மேன்மேலும் செறிவாக்கி 475 மடங்கு வாயு தரும் நிலைவரை கொண்டு சென்றார் என்பது, கலப்பற்ற பொருளை அவர் ஏறத்தாழத் தொட்டுவிட்டதையே காட்டுகிறது. அது தோலில் பட்ட இடம் வெளுத்து ஊசி குத்துவதுபோல் எரிந்ததையும் அவரே பதிவு செய்தார்.

'வால்யூம்' எனப்படும் இந்த அளவு, எடை விகிதத்தைக் குறிக்கும் சதவீதம் பின்னர் பரவலானபோதும் வழக்கொழியவில்லை. 10 வால்யூம் என்பது சுமார் 3 சதவீதம். 20 வால்யூம் 6 சதவீதம். 40 வால்யூம் 12 சதவீதம். ஆய்வகங்களில் புழங்கும் 100 வால்யூம் ஏறக்குறைய 30 சதவீதம். இந்திய மருந்துக் கடைகளில் விற்கப்படும் பழுப்புப் புட்டிகளிலும் 20 வால்யூம், 6 சதவீதம் என்ற இரு எண்களும் அருகருகே அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். முதல் எண்ணை மட்டும் படித்து அதைச் சதவீதமாகக் கொள்பவர், திரவத்தின் வீரியத்தை மும்மடங்குக்கு மேல் மிகையாக மதிப்பிடுவார். 35 சதவீதக் கரைசலை 35 வால்யூமாக எண்ணுபவரோ அதைவிட ஆபத்தான தவற்றைச் செய்கிறார், ஏனெனில் அதன் உண்மையான அளவு சுமார் 130 வால்யூம்.

பெராக்சைடின் தரங்களை ஒரே அறிஞரோ சட்டமோ வகுத்துவிடவில்லை. ஒவ்வொரு தொழிலும் தனக்கு வேண்டிய வீரியத்தைத் தனித்தனியே தேர்ந்துகொண்டது. முதலில் பயன் கண்டவை ஓவியங்கள்: வெள்ளை நிறத்துக்காகப் பூசப்பட்ட ஈயச் சேர்மம் காற்றிலுள்ள கந்தக வாயுவால் கறுத்துப்போகும்போது, நீர்த்த பெராக்சைடு அந்தக் கருமையை மீண்டும் வெண்ணிற ஈய சல்ஃபேட்டாக மாற்றியது. 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் லண்டன் வேதியியலாளர் தியலேயும் பாரிஸ் சிகையலங்காரர் ஹியூகோவும் 3 சதவீதக் கரைசலால் கூந்தலைப் பொன்னிறமாக்கிக் காட்டினர். தெனாரின் அளவு இன்றுவரை விடாமல் வாழ்வது அந்தத் தொழிலில்தான். கூந்தல் நிலையங்களில் 20, 30, 40 என்று கேட்டு வாங்கும் பொருள் முறையே 6, 9, 12 சதவீதக் கரைசலே.

மருத்துவத்தில் இதைக் கிருமிநாசினியாக முன்மொழிந்தவர்களுள் இங்கிலாந்து மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் முக்கியமானவர். அவர் 1858-இலேயே இதன் நாற்றம் போக்கும் தன்மையைக் கவனித்திருந்தார். காயத்தில் ஊற்றியவுடன் பொங்கும் வெண்ணுரைதான் மக்களிடையே இதற்கு நம்பிக்கையைத் தேடித்தந்தது எனலாம். ஆனால் அந்த நுரை கிருமி மடிவதன் அடையாளம் அன்று. இரத்தத்திலும் திசுவிலும் உள்ள, 1900-ஆம் ஆண்டளவில் ஆஸ்கர் லோவ் 'காட்டலேஸ்' என்று பெயரிட்ட நொதி, அதாவது உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், பெராக்சைடைச் சிதைப்பதால் வெளிவரும் ஆக்சிஜனே அது. கிருமியோடு சேர்த்துக் காயத்தை ஆற்றவேண்டிய செல்களையும் இது தாக்குவதால், சிறு காயங்களைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுவதே போதும் என்ற நிலைக்கு மருத்துவம் வந்துவிட்டது. ஆழ்ந்த, மூடிய காயத்துக்குள் இதைப் பாய்ச்சினால் வாயுக்குமிழ்கள் இரத்தக்குழாயை அடைக்கவும் கூடும்.

பேரியம் முறையின் இடத்தை மின்பகுப்பும், 1930-களில் ஜெர்மனியில் ரீடலும் பிளைடரரும் உருவாக்கிய ஆந்த்ரகுவினோன் முறையும் பிடித்தபின், செறிவான கரைசல் மலிவாயிற்று. கீல் நகரப் பொறியாளர் ஹெல்முத் வால்ட்டரின் எந்திரங்களில் 80 சதவீதப் பெராக்சைடு எரிபொருளின் துணையாயிற்று. வி-2 ஏவுகணையின் எரிபொருள் பம்புகளைச் சுழற்றிய நீராவியும் அதிலிருந்தே பிறந்தது. அந்த வீரியத்தில் திரவம் எவ்வளவு கொடியது என்பதற்கு, 1955-இல் போர்ட்லண்ட் துறைமுகத்தில் டார்பீடோ வெடித்து 13 பேரைப் பலிகொண்ட பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் 'சைடன்', 2000-இல் 118 பேருடன் மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் 'குர்ஸ்க்' ஆகிய இரண்டுமே சான்று.

போர்க்கருவிகளின் வீரியம் வீடுகளை எட்டவில்லை. எட்டியது 35 சதவீதம். பால், பழச்சாறு அடைக்கும் அட்டைப்பெட்டிகளைக் கிருமிநீக்கம் செய்ய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1981-இல் பெராக்சைடை அனுமதித்தது. 'உணவுத் தரம்' என்ற முத்திரை குறிப்பது, சாதாரணப் புட்டிகளில் சிதைவைத் தடுக்கச் சேர்க்கப்படும் நிலைநிறுத்திகளும் உலோக மாசுகளும் வரையறைக்குள் இருப்பதையே. உண்ணத் தக்கது என்பதை அன்று. எனினும் அந்தச் சொல்லையே ஆதாரமாக்கி, நீரில் சில துளி கலந்து குடித்தால் நோய் தீரும் என்ற பிரசாரம் பரவியது; 2006-இல் அதே நிர்வாகம் 35 சதவீதக் கரைசலை மருந்தாக அருந்துவதற்கு எதிராக எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலிட்டர், வயிற்றுக்குள் சென்றால் ஏறக்குறைய 2 லிட்டர் ஆக்சிஜன் வெளிப்பட்டுக் குடல் சுவரைக் கிழிக்கவோ இரத்தத்தில் குமிழாகப் புகவோ முடியும். உணவுக்குழாய் வெந்துபோவது வேறு.

செறிவான திரவத்தை வாங்கி வீட்டில் நீர்த்துக்கொள்வது சிக்கனம் என்று கருதுவோர், 35 சதவீதத்தின் ஒரு பங்குக்குப் பதினொரு பங்கு நீர் சேர்த்தால் 3 சதவீதம் வரும் என்ற கணக்கைச் சரியாகவே போடக்கூடும். தெறிக்கும் ஒரு துளி கண்ணுக்கு என்ன செய்யும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. காடியுடன் கலந்து வைத்தால் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் பெரசெட்டிக் அமிலம் உருவாகும். தொழிற்சாலைகளுக்கு வரும் கொள்கலன்களின் மூடி வாயு வெளியேறச் சிறு துளையுடன் அமைக்கப்படுவதும் காரணத்தோடுதான்: திறக்காத கலனிலும் திரவம் மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். அதைக் காலியான குளிர்பானப் புட்டியில் ஊற்றி இறுக மூடினால், வாயு வெளியேற வழியின்றிப் புட்டி உப்பி வெடிக்கும். வெடிக்காவிட்டாலும், குடிநீர் என்று நினைத்து வேறொருவர் அதை எடுத்துக் குடித்துவிட இடமுண்டு.