தாய்மாமனும் ஒரு யுத்தமும்!

குத்தம்பாக்கத்தில் நண்பர் வீட்டுக்குப் போனபோது, டீ வருவதற்குள் புரட்டலாமே என்று ஒரு ஆங்கில நாவலைக் கையில் எடுத்தேன். டீ ஆறியே போச்சு!

2008-ல் வெளிவந்த ‘லவ் மேரேஜ்’. எழுதியவர் வி.வி.கணேஷானந்தன். இலங்கைத் தமிழர்களின் மகள், வளர்ந்தது அமெரிக்காவில்.

கதை சொல்லும் யாழினியும் அங்கே பிறந்தவள்தான். பிறந்த மாதம்? 1983 ஜூலை! அந்த மாதம் 23-ம் தேதி இரவு, யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில் புலிகள் தாக்கியதில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாளே கொழும்பு பற்றியெரிய ஆரம்பித்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். அதன்பின் கடல் கடந்த பல்லாயிரம் பேர் டொரான்டோவில் குடியேறினார்கள்.

யாழினியின் பெற்றோர் அதற்கு முன்பே அமெரிக்கா வந்து, காதலித்து மணந்தவர்கள். யுத்தத்துக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு சமுத்திரம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்களோ என்னவோ... புற்றுநோயோடு டொரான்டோ வந்து சேர்கிறார் தாய்மாமன். முன்னாள் புலி! அவரைப் பராமரிக்க மொத்தக் குடும்பமும் அங்கே போகிறது. மாமா வீரரா, கொலைகாரரா? தீர்ப்பெல்லாம் அப்புறம். முதலில் வேளாவேளைக்கு மருந்து கொடுத்தாகணுமே!

கணேஷானந்தனின் இரண்டாவது நாவல் 2023-ல்தான் வந்தது. ‘பிரதர்லெஸ் நைட்’. இம்முறை அதே யுத்தத்தை யாழ்ப்பாணத்துக்குள் இருந்தே சொல்கிறார். 2024-ல் பிரிட்டனின் ‘விமன்ஸ் பிரைஸ்’ அதற்குத்தான் கிடைத்தது.