பிளேக்குக்கு வேலி போட்ட ஊர்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்று ஒரு சின்ன கிராமம். (பெயரைக் கேட்டதும் ஈமச்சடங்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!)

1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு பிளேக்கும் வந்தது என்பார்கள். 1666 ஜூனில், யாரும் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டாம் என்றார் பாதிரியார் வில்லியம் மாம்பெசன். ஊரும் ஒப்புக்கொண்டது. தன் பிள்ளைகளை மட்டும் அவர் முன்பே வெளியூர் அனுப்பிவிட்டார் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. கூடவே தங்கிய மனைவி கேத்தரின் ஆகஸ்டில் இறந்துபோனார்.

எல்லைக்கல்லில் இருந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டுவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். அதே ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். ஊரில் மொத்தம் சுமார் 260 பேர் இறந்தார்கள். ஹான்காக் குடும்பத்தின் கல்லறைகள் ஊருக்கு வெளியே புல்வெளியில் இன்றும் இருக்கின்றன.