கைமாறும் கோல்



1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், மில்கா சிங் இடம்பெற்ற இந்திய அணி, நால்வர் 400 மீட்டர் வீதம் ஓடும் ஆடவர் தொடரோட்டத்தில் தங்கம் வென்றது. அதன்பின் 61 ஆண்டுகள் அப்பதக்கம் இந்தியருக்கு எட்டவில்லை.

2023 ஆகஸ்டில், புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியின் தகுதிச் சுற்றில், முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், தமிழகத்தின் ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 2 நிமிடம் 59.05 நொடிகளில் ஓடி ஆசியச் சாதனை படைத்தனர். மறுநாள் இறுதியோட்டத்தில் ஐந்தாம் இடமே கிட்டியது. அக்டோபரில், ஹாங்சோ ஆசியப் போட்டியில் அந்நால்வரே தங்கத்தை மீட்டனர்.

இவ்வோட்டத்தில் எவரும் தனியே வெல்வதில்லை. முன்னவரிடம் கோலைப் பெற்று, தம் பங்கை ஓடி, அடுத்தவரிடம் ஒப்படைப்பதே ஒவ்வொருவரின் கடமை. நம் பெற்றோர் ஒப்படைத்தது இன்று நம் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகளோ கைநீட்டிக் காத்திருக்கின்றனர். நம் பங்கை நாம் எவ்வாறு ஓடுகிறோம்?